பீளமேட்டுப் பச்சைக் கார்

தமிழ்ச்செல்வன் மாடிப்படி ஏறி வந்தபோது பஷீர் பாய் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததை மறந்துபோனார். பன் டம்ளருக்குள்ளேயே முங்கிப் போயிற்று.

போத்தனூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறை பாயுடையது அல்ல, மெர்சியுடையது. மெர்சி மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். நசுங்கிய வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இது நிஜமாகவே லாரியில் மோதியது, இது காப்பீட்டுப் பணத்துக்காகப் புளியமரத்தில் மோத வைக்கப்பட்டது என்று சொல்வது அவர் தொழில். யாருக்கும் சாயாமல் சொல்கிறவர் என்று பெயர் எடுத்துவிட்டதால், காப்பீட்டுக்குச் சம்பந்தமில்லாத சிக்கல்களும் அந்தப் படியேறி வரத் தொடங்கியிருந்தன.

பாய் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச்சை எப்போது விடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பள்ளியை மகனிடம் ஒப்படைத்தவர். பகலில் வீட்டில் இருந்தால் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒத்துவராது. அதனால் மெர்சியின் அறையில் இருந்தார். அவருக்கு எல்லா விஷயத்திலும் சந்தேகம் வரும், தன் முடிவில் மட்டும் வராது.

"என்றா ஆச்சு?" என்றார் பாய். தமிழ்ச்செல்வன் அவரிடம் ஓட்டக் கற்றவன்.

"நாளைக்கு என்மேல போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுக்கறாங்களாமா சார்." அவன் உட்காரவில்லை. "காருக்குள்ள உக்காந்து பாட்டுக் கேட்டுக் கேட்டு பேட்டரியை இறக்கிப்போட்டேன், ஏதோ சாமானையும் கழட்டிப்போட்டேன்னு சொல்றாங்க. நான் ஒண்ணுமே பண்ணலைங்க மேடம்."

"முதல்ல உக்காருங்க. எந்தக் கார், யாரோட கார்?" என்றார் மெர்சி.

பீளமேட்டில் வெங்கடபதி நாயுடு வீட்டில் அவன் டிரைவர். வீட்டுக் கார்கள் இரண்டையும் அவன்தான் ஓட்டுகிறான். மூன்றாவதாக ஒன்று வந்தது. இங்கிலாந்தில் செய்த, இரண்டே கதவுள்ள, கரும்பச்சை கிராண்ட் டூரர். நெடுந்தூரத்தை வேகமாகவும் அலுப்பில்லாமலும் கடப்பதற்கென்றே செய்யப்படும் ஜாதிக் கார். புதிதாக வாங்க வெங்கடபதிக்கே கட்டுப்படியாகாது, ஆகவே பழையது. அதை அவர் மட்டும்தான் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மனைவி கனகத்தை ஏற்றிக்கொண்டு அவிநாசி கோயில் வரை போய் வருவார். தமிழ்ச்செல்வனுக்கு அதில் துடைக்கிற வேலை மட்டும்தான்.

அந்தக் கார்தான் மாதக்கணக்கில் படுத்தி எடுக்கிறது. ஞாயிறு காலை பெரியவர் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினால் செல்ஃப் எடுக்காது. பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். புது பேட்டரி போட்டும் அதே கதை. இப்போது வெறுத்துப்போய், விற்ற புரோக்கரிடமே பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள். நாளைக் காலை புரோக்கர் வந்து எடுத்துக்கொள்வார். அதோடு தமிழ்ச்செல்வன்மேல் புகார்.

"வேற வேலை பார்த்துக்கலாம் விடுறா," என்றார் பாய்.

"அதுதானுங்க சிக்கல். கவர்மென்ட் பஸ்ஸுக்கு டிரைவரா செலக்ட் ஆயிட்டேன். போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி. இந்த வாரத்துல ஊட்டுக்கு விசாரிக்க வருவாங்க. இந்த நேரத்துல கம்ப்ளெய்ன்ட்னா எல்லாம் போச்சுங்க."

தன் குடும்பத்தில் மாதச் சம்பளம், பென்ஷன் என்று யாருமே பார்த்ததில்லை என்று அவன் சொல்லவில்லை. அவன் அப்பா கடைசிவரை அடுத்தவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டியது பாய்க்குத் தெரியும். அவர் முகத்தைக் குனிந்துகொண்டு, டம்ளருக்குள் ஸ்பூனை விட்டுப் பன்னைத் தேடினார்.

மெர்சி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். "வாங்க பாய், காரைப் பார்த்துட்டு வரலாம்."

அவர்கள் போனது டிரைவிங் ஸ்கூல் காரில். மெர்சி ஓட்டினார். பாய் பயிற்சியாளருக்கான பிரேக் உள்ள இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு சிக்னலுக்கும் மெர்சிக்கு முன்பாகவே மிதித்தார். பின்னால் தமிழ்ச்செல்வன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

வெங்கடபதியின் வீடு பழையது, ஆனால் அதன் கார் போர்ட்டிகோ புத்தம் புதியது. பழைய ஷெட்டுக்குள் பச்சைக் கார் அடங்காததால், வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி நீளமாகக் கட்டியிருந்தார்கள். சுவரில் காரின் மூக்கு முட்டாத குறைதான். மூக்குக்கு நேர் மேலே, பூவேலை செய்த சிறிய சிமென்ட் ஜன்னல் ஒன்றிலிருந்து சாம்பிராணி வாசம் வந்துகொண்டிருந்தது.

பாய் காரைப் பார்த்து வாயடைத்துப்போனார். ஆயுள் முழுவதும் ஒடுக்கு விழுந்த கார்களிலேயே உட்கார்ந்தவர் அவர். கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் சற்று தள்ளி நின்று பார்த்தார்.

"சின்ன வயசுல எங்க மில்லுக்கு மெஷின் மாட்ட வந்த வெள்ளைக்காரன் இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருந்தானுங்க," என்றார் வெங்கடபதி. குள்ளமான, கலகலப்பான மனிதர். ஆனால் இன்று குரலில் கலகலப்பு இல்லை. "மில்லு, மக்க, கல்யாணம்னே காலம் போயிருச்சு. ஊட்டுக்காரியை உக்கார வெச்சு நானே ஓட்டிட்டு ஒருக்கா திருப்பதி போயிட்டு வரணும்னு ஆசைங்க. ஞாயித்துக்கிழமையானா பஞ்சாயத்துதான் நடக்குது."

"அதுக்குத்தான் வித்துப்போட்டு நிம்மதியா இருங்கன்னு சொல்றேன் நைனா," என்றான் மகன் ரவிதேஜா. கெட்டவன் அல்ல. எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரக்காரன். மெர்சியைப் பார்த்துச் சொன்னான்: "மேடம், வெறும் சந்தேகத்துல சொல்லலைங்க. இவன் லீவுல இருந்தப்ப கார் ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. சாவியை நானே மாடியில என் ரூம்ல வெச்சிருந்தேன். நடுவுல பல நாள் தொடாம நிறுத்திப்போட்டு எடுத்தாலும் உடனே ஸ்டார்ட் ஆச்சு. இவன் வேலைக்குத் திரும்பினான், அடுத்த ஞாயிறே படுத்துருச்சு."

"அப்ப எதுக்குங்க லீவு குடுத்தீங்க?" என்றார் மெர்சி.

"பங்காளி ஊட்டுல ஒரு சாவுங்க. தீட்டு கழியற வரைக்கும் கோயில், விசேஷம்னு எங்கயும் போகலை. விளக்குக்கூட ஏத்தலை, பூஜை ரூமையே சாத்தி வெச்சிருந்தோம். டிரைவர் எதுக்குன்னு போகச் சொல்லிட்டோம்." அடுத்த விரலை நீட்டினான். "இன்னொண்ணு. நைனா குள்ளம், சீட்டை ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல வெச்சு ஓட்டுவாரு. கார் படுத்துக்கற ஒவ்வொரு காலையிலயும் சீட் பின்னாடி போயிருக்குது. இந்த ஊட்டுல உசரமான ஆளு இவன்தான்."

தமிழ்ச்செல்வன் வாசல்படிக்குக் கீழே நின்றபடியே தரையைப் பார்த்தான்.

"மூணாவது, மெக்கானிக் கலீல் ரஹ்மான் என்ன சொன்னாருன்னு அவரையே கேளுங்க."

மெர்சி துடியலூரில் இருந்த கலீலை போனில் அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். உயர்ரகக் கார்களுக்கு மட்டுமே பட்டறை நடத்துகிறவர் கலீல்.

"ஒரு வாரம் ஷெட்டுல வெச்சு டெஸ்ட் பண்ணிப்போட்டேன் மேடம்," என்றது போன். "பேட்டரி மட்டுமில்லாம, வயர் வயரா பார்த்தாச்சு. கரண்ட் எங்கயுமே லீக் ஆகலை. தொடாம வெச்சு எடுத்தேன், முதல் அழுத்துல பத்திக்கிச்சு. அருமையான வண்டிங்க. கோளாறு வண்டியில இல்லை, ஊட்டுலதான் இருக்குதுன்னு சொன்னேன்."

"சாவி உங்க ஷெட்டுல எங்க இருந்தது?"

"ஆபீஸ் ரூம்லைங்க, கேட்டுப் பக்கம். காரு பின்னாடி ஷெட்டுல. அவங்ககிட்டயும் கேட்டேன், சாவி எங்க வெக்கறீங்கன்னு. ஊட்டுக்குள்ள பத்திரமா இருக்குதுன்னாங்க."

ரவிதேஜா கையை விரித்தான். ஒவ்வொன்றும் பையன் தலையிலேயே வந்து விழுந்தது.

மெர்சி காரை ஓட்டிக்காட்டச் சொன்னார். முதல் நாள்தான் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றியிருந்ததால் வெங்கடபதி பட்டனை அழுத்தியதும் அது மெல்ல உறுமியது. அவர் முகத்திலிருந்து பத்து வயது குறைந்தது. கேட் வரை போய்த் திரும்பி, நிறுத்தி, கதவைத் திறந்தார். இருக்கை அவரைச் சுமந்தபடியே சர்ரென்று பின்னால் நகர்ந்தது.

"அட, இறங்கறதுக்கு வழி விடுதுங்க," என்றார் பாய். "மரியாதை தெரிஞ்ச சீட்டு."

"மறுபடி ஸ்டார்ட் பண்ணினா முன்னாடி வந்துரும்," என்றார் வெங்கடபதி பெருமையாக.

உள்ளிருந்து கனகம் வந்தார். கணவரிடமிருந்து சாவியை வாங்கி முந்தானையில் துடைத்தபடி, காபி சாப்பிட உள்ளே வரச் சொன்னார். மெர்சி ஹாலில் உட்கார்ந்தார். தமிழ்ச்செல்வன் வெளியேதான் நின்றான்.

"சாவியைத் துடைக்கறீங்களே அம்மா," என்றார் மெர்சி.

"சாமிகிட்ட வெக்கறதில்லைங்களா. வண்டி வந்த அன்னைக்கே பூஜை ரூம்ல தட்டுல வெச்சுத்தான் அவருகிட்ட எடுத்துக் குடுத்தேன். அதுல இருந்து அங்கதான். முந்தின மாசம் ஹால்ல ஒரு ஆணி அடிச்சு மாட்டிரலாமான்னு நெனச்சேன், எனக்குக் குனிஞ்சு எடுக்க முடியறதில்லை. அன்னைக்குக் காரைப் பாக்க வந்திருந்த புரோக்கர் தம்பிதான் தடுத்துப்போட்டாரு. சாமிகிட்ட இருந்து எடுத்தா ராசி போயிரும், இடத்தை மாத்தாதீங்கம்மான்னு சொன்னாரு. நல்ல பக்தியான பையனுங்க."

"தமிழ்ச்செல்வன் துடைக்கறப்ப சாவியை அவரே எடுத்துக்குவாருங்களா?"

கனகம் ஒரு நொடி தயங்கினார். "இல்லைங்க, நாந்தான் பின்வாசல்ல கொண்டுபோய்க் குடுப்பேன். அவன் உள்ள வாரதில்லை."

ஏன் என்று மெர்சி கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. கனகம் சாவியோடு பூஜை அறைக்குள் போனார், மணிச் சத்தம் கேட்டது. காபி ஆறட்டும் என்று பாய் மறுபடியும் போர்ட்டிகோவுக்கு வந்து காரைக் கண்குளிரப் பார்த்தார். ஆளரவமே இல்லை. பூட்டியிருந்த காரின் கதவுப் பிடியில் குட்டியாக ஒரு வெள்ளை விளக்கு எரிந்து, சற்று நேரம் இருந்துவிட்டு அணைந்தது.

போகும் வழியில் அதை மெர்சியிடம் சொன்னார். "என்னைப் பார்த்து கண்ணடிச்ச மாதிரி இருந்துச்சுங்க."

"பக்கத்துல யாரும் இல்லைங்களா?"

"ஈ காக்கா இல்லைங்க. உள்ள அந்தம்மா மணியடிச்சுட்டு இருந்தாங்க. அதை விடுங்க மேடம், நான் கண்டுபிடிச்சுப்போட்டேன். செஞ்சது அந்த ரவிதேஜாவேதான். அப்பன் காசைக் காருல கொட்டறாருன்னு பொறுக்காம, அவனே பேட்டரியை இறக்கிப்போட்டு பையன் தலையில கட்டறான்."

"இருக்கலாம் பாய். ஆனா அவருக்குக் காரை விக்கறதுதான் நோக்கம்னா, பையன் லீவுல இருந்த நாள்லயும் இறக்கியிருக்கலாமே. காரை சீக்கிரம் வித்துத் தொலைச்சிருக்கலாம்."

பாய் யோசித்தார். அவர் முடிவுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் தேவையில்லாத இடத்தில் பிரேக்கை மிதித்தார்.

"இப்ப நீங்க ஒரு பணக்காரரா நடிக்கணும்," என்றார் மெர்சி.

அவிநாசி போகும் சாலையில் இருந்தது புரோக்கர் திருமலைசாமியின் யார்டு. பழைய கார்கள் வரிசை வரிசையாக நின்றன. நெற்றியில் விபூதியும் வாயில் தேனுமாக திருமலைசாமி ஓடிவந்தார். பாய்க்கு நடிப்பு பிடித்துப்போயிற்று. துபாயில் இருக்கும் மருமகனுக்குப் பரிசு கொடுக்க வேண்டும், பெரிய வண்டியாகக் காட்டுங்கள் என்றார். அவருக்கு துபாயில் மருமகன் கிடையாது.

அலுவலக அறைச் சுவரில் பலகை ஒன்று மாட்டி, ஆணி ஆணியாகச் சாவிகள் தொங்கின. திருமலைசாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து முறுக்குப் போட்டுவைக்கும் பெரிய எவர்சில்வர் டப்பாவைத் தூக்கி, இறுக்கமான மூடியைத் திருகித் திறந்து, அதற்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"அது என்னங்க, சாவியை முறுக்கு மாதிரி வெச்சிருக்கீங்க?" என்றார் பாய்.

"பெரிய வண்டிச் சாவிங்க. பத்திரமா இருக்கட்டும்னுதான்."

பாய் மூன்று கார்களில் ஏறி இறங்கி, எதன் நிறமும் மருமகனுக்குப் பிடிக்காது என்று முடிவு செய்தார். திரும்பும் வழியில் மெர்சி வழக்கத்துக்கு மாறாக ஒரு பேக்கரியில் நிறுத்தி, பாய்க்கு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்பது பாய்க்கு அதிலிருந்து தெரிந்தது. எந்த முடிச்சு என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை போர்ட்டிகோவில் எல்லாரும் கூடியிருந்தார்கள். காரை எடுத்துப்போக திருமலைசாமி வந்திருந்தார். கலீலை மெர்சி வரச் சொல்லியிருந்தார். ரவிதேஜா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் தோரணையில் பைக் மேல் சாய்ந்திருந்தான். தமிழ்ச்செல்வன் துவைத்துப்போட்ட வெள்ளைச் சட்டையில் படிக்குக் கீழே நின்றான். பாயும் அவனோடு அங்கேயே நின்றார்.

"அஞ்சு நிமிஷம் கொடுங்க. அதுக்கப்புறம் யாரு மேல வேணாலும் கம்ப்ளெய்ன்ட் குடுங்க," என்றார் மெர்சி. "அம்மா, சாவியை எடுத்துட்டு தோட்டத்துக் கடைசி வரைக்கும் போங்க. நான் கையைக் காட்டினதும் வழக்கம்போல சாமிகிட்ட கொண்டுபோய் வையுங்க. மத்தவங்க யாரும் காரைத் தொட வேண்டாம். கதவுப் பிடியை மட்டும் பாருங்க."

கனகம் போனார். மெர்சி கையைக் காட்டினார். கனகம் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். சற்று நேரத்தில் சிமென்ட் ஜன்னலுக்குப் பின்னால் தட்டு சிணுங்கியது. காரின் கதவுப் பிடியில் வெள்ளை விளக்கு எரிந்தது.

"யாருமே தொடலையே," என்றார் வெங்கடபதி.

"தொட வேண்டியதில்லைங்க. இந்தக் காருக்குச் சாவியைத் துளையில போட்டுத் திருகற வேலை கிடையாது. சாவி பக்கத்துல வந்தாலே போதும், முதலாளி வந்துட்டாருன்னு கார் முழிச்சுக்கும். இந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பூஜை ரூம். சாவி இருக்கற தட்டுக்கும் காரோட மூக்குக்கும் நடுவுல ஒரே ஒரு சுவர். முதலாளி வந்துட்டாரு, இப்ப ஏறுவாரு, இப்ப ஏறுவாருன்னு இராத்திரி பகலா காத்துட்டே இருக்குது. தூங்காம இருந்தா பேட்டரி என்னத்துக்குங்க ஆகும்?"

கலீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஊட்டுக்குள்ள பத்திரமான்னு சொன்னாங்க. செவுத்துக்கு அந்தப் பக்கம்னு நான் நெனைக்கவே இல்லைங்களே."

"உங்க ஷெட்டுல சாவி தூரத்துல இருந்தது. அதனால கார் நல்லாத் தூங்குச்சு," என்றார் மெர்சி. பிறகு ரவிதேஜாவிடம் திரும்பினார். "தமிழ்ச்செல்வன் லீவுல இருந்தப்ப கார் ஏன் நல்லா இருந்தது? உங்க பங்காளி ஊட்டுச் சாவுக்காக அவருக்கு லீவு. அதே சாவுக்காகத்தான் பூஜை ரூமும் சாத்தியிருந்தது, சாவி மாடியில உங்க ரூமுக்குப் போச்சு. தீட்டு கழிஞ்சதும் அவரும் திரும்பி வந்தாரு, சாவியும் சாமிகிட்ட திரும்பி வந்துருச்சு. நீங்க ரெண்டுல ஒண்ணை மட்டும் பார்த்தீங்க."

"சீட்டு?" ரவிதேஜாவின் குரல் இறங்கியிருந்தது.

"நேத்து எல்லாரும் பார்த்தோமே. உங்க நைனா இறங்கறப்ப சீட்டு தானா பின்னாடி போகுது. ஸ்டார்ட் பண்ணினா முன்னாடி வரும். ஸ்டார்ட்டே ஆகாத காருல அது எப்படிங்க முன்னாடி வரும்? போன வாரம் பெரியவர் இறங்கின இடத்துலயே நின்னிருக்கும். உசரமான ஆளு யாரும் உக்காரலை."

பாய்க்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்றவனின் தோளைப் பற்றினார்.

"அப்ப தப்பு பூரா என்னுதுதானுங்களா?" வாசலுக்கு வந்திருந்த கனகத்தின் கண் கலங்கியிருந்தது. "சாமிகிட்ட வெச்சது தப்பா?"

"இல்லைங்கம்மா. நம்ம ஊருல வண்டி வாங்கற யாரும் அதைத்தான் செய்வாங்க. தெரியாம செஞ்சது தப்பாகாது." மெர்சி கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். "ஆனா தெரிஞ்ச ஒருத்தரு இங்க இருக்காரு. அம்மா, உங்க முறுக்கு டப்பா ஒண்ணைக் குடுங்க."

கனகம் எவர்சில்வர் டப்பாவோடு சாவியையும் கொண்டுவந்தார். மெர்சி சாவியை அதற்குள் போட்டு இறுக்க மூடி, காரின் கதவுக்கு நேராகவே கொண்டுபோய்ப் பிடித்தார். விளக்கு எரியவில்லை. மூடியைத் திறந்தார், எரிந்தது.

"சாவியோட சிக்னல் இந்த டப்பாவைத் தாண்டாது. உங்க யார்டுல சாதா வண்டிச் சாவியெல்லாம் ஆணியில தொங்குது. இந்த மாதிரி வண்டிச் சாவி மட்டும் முறுக்கு டப்பாவுல இருக்குது. இல்லைன்னா நிக்கற வண்டியெல்லாம் ஒரே வாரத்துல படுத்துரும்னு உங்களுக்குத் தெரியும், இல்லைங்களா?"

திருமலைசாமி பாயை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். துபாய் மருமகனின் மாமனார் சிரித்தபடி ஒரு சலாம் போட்டார்.

"அது... திருட்டுப் பயத்துக்காக வெக்கறதுங்க. எல்லா யார்டுலயும் அப்படித்தான். இவங்க எங்க வெக்கறாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியுமே தம்பி," என்றார் கனகம் மெதுவாக. "நான் ஹால்ல மாட்டறேன்னு சொன்னப்ப, சாமிகிட்டயே இருக்கட்டும், இடத்தை மாத்தாதீங்கன்னு நீதானே சொன்ன."

வெங்கடபதி மகனைப் பார்த்தார். "டிரைவர்தான் கை வெக்கறான்னு உனக்கு மொதல்ல சொன்னது யாரு ரவி?"

ரவிதேஜா திருமலைசாமியைப் பார்த்தான். அதுவே பதில்.

"நல்ல வண்டியை ஓட்டை வண்டின்னு நம்ப வெச்சு, பாதி விலைக்கு வாங்கி, மறுபடி முழு விலைக்கு விக்கப் பார்த்தீங்க," என்றார் மெர்சி. "அது வியாபாரம்னு வேணா சொல்லிக்குவீங்க. அதுக்குப் பழி போட ஒரு ஆளோட பேரு தேவைப்பட்டுச்சு பாருங்க, அதை எப்படிங்க சொல்லுவீங்க?"

திருமலைசாமி அவசர வேலை இருப்பதாக முனகிவிட்டு நடையைக் கட்டினார். கேட்டைத் தாண்டும்வரை வெங்கடபதி தெலுங்கில் அவரை வாழ்த்திக்கொண்டிருந்தார். பாய்க்குத் தெலுங்கு தெரியாது, ஆனால் மிகவும் ரசித்துக் கேட்டார்.

ரவிதேஜா நடந்து வந்து தமிழ்ச்செல்வன் முன் நின்றான். "தப்புப் பண்ணிப்போட்டேன், மன்னிச்சுக்க," என்றான்.

தமிழ்ச்செல்வனின் குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது. "சாவி எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. அந்த ரூம் இந்தச் செவுத்துக்குப் பின்னாடி இருக்குதுன்னு இப்பத்தான் தெரியும். இத்தனை வருசமா எனக்குப் பின்வாசல் தாண்டித் தெரியாது. உள்ள வந்திருந்தா நானே என்னைக்கோ பார்த்துச் சொல்லியிருப்பேனுங்க."

கனகம் தலை குனிந்தார். மெர்சியும் அவர் உதவிக்கு வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாய் மறுபடியும் பீளமேட்டுக்குப் போனார். திருப்பதிக்குக் கிளம்புவதற்கு முன் மலைப்பாதையில் ஓட்டும் நுணுக்கத்தைப் பெரியவருக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தார். கார் முதல் அழுத்தலிலேயே உயிர்பெற்றது. இருவரும் அதன் உறுமலை ரசித்துக்கொண்டிருந்தபோது கேட்டில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். தமிழ்ச்செல்வன் வேலை செய்யும் இடத்தில் அவனைப் பற்றி விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

ரவிதேஜா வெளியே வந்தான். "உள்ள வாங்க சார்," என்றான் போலீஸ்காரரிடம். பிறகு பக்கெட்டோடு நின்ற தமிழ்ச்செல்வனைப் பார்த்து, "தம்பி, நீயும் வா," என்றான்.

தமிழ்ச்செல்வன் கனகத்தைப் பார்த்தான். கனகம் முன்வாசல் கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டார். "வா கண்ணு," என்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது, ஆனால் சொன்னார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்வாசல் வழியாக ஹாலுக்குள் வந்தான். ரவிதேஜா அவனைச் சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். எத்தனை வருடமாகத் தெரியும், ஆள் எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகக் கேட்டார்: "இவரு சம்பந்தமா ஏதாவது புகார் உண்டுங்களா?"

"இருந்திருக்கணும் சார்," என்றான் ரவிதேஜா.

போலீஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"செய்யாத தப்பை இவரு மேல போட்டு, இவரு வேலையைக் கெடுக்கப் பார்த்தேன். இவரு என் மேல புகார் குடுத்திருக்கணும், குடுக்கலை. அவ்வளவு நல்ல மனுசன்னு எழுதிக்குங்க."

போலீஸ்காரர் எழுதினார். கனகம் கொண்டுவந்த காபித் தட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்கள் இருந்தன. தமிழ்ச்செல்வன் கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டான்.